சுருள்பாசித் தொட்டியில் வேண்டாத விருந்தாளிகள்



சுருள்பாசி வளர்க்கும் குழுக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நேத்து வரைக்கும் நல்லா கரும்பச்சையா இருந்துச்சுக்கா. இன்னைக்குப் பாத்தா புல்லு நிறத்துக்கு மாறிடுச்சு. வாடை வேற ஒரு மாதிரி அடிக்குது. கொட்டிடலாமா, வடிகட்டி வித்துடலாமா?”

கொட்டினால் உழைப்பு போகும், கடன் தவணை இடிக்கும். வடிகட்டி விற்றால் அதைத் தின்னப் போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறாமல் இருக்க வேண்டுமானால் தொட்டியில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

சுருள்பாசி மட்டும் எப்படித் தனியாக வளர்கிறது?

தண்ணீர் இருக்கும் இடத்தில் பாசி பிடிக்கும். இது நமக்குத் தெரிந்ததுதான். தொட்டியில், குடத்தில், கிணற்றுப் படியில் எல்லாம் பிடிக்கிறது. காற்றிலும் தூசியிலும் பல வகைப் பாசிகளின் விதைகள் பறந்துகொண்டே இருக்கின்றன. நம் சுருள்பாசித் தொட்டியிலும் அவை தினமும் விழுகின்றன. அப்படியிருந்தும் சுருள்பாசி மட்டும் வளர்வதற்குக் காரணம், நாம் தண்ணீரில் போடும் சமையல் சோடாவும் உப்பும்தான்.

ஆப்பிரிக்காவில் சாடு என்று ஒரு நாடு இருக்கிறது. அங்குள்ள சாடு ஏரியை ஒட்டிய சிறு குட்டைகளில் சுருள்பாசி தானாகவே வளர்கிறது. யாரும் உரம் போடுவதில்லை, தொட்டி கட்டுவதும் இல்லை. கனெம்பு இனப் பெண்கள் அதை அள்ளி, மணலில் அடை போல ஊற்றிக் காய வைத்து, குழம்பில் போட்டுச் சமைக்கிறார்கள். சந்தையிலும் விற்கிறார்கள். 1964-65ஆம் ஆண்டுகளில் அந்தப் பக்கம் ஆய்வுப் பயணம் போன பெல்ஜியம் நாட்டுத் தாவர அறிஞர் ழான் லெயோனார் இந்த அடையைப் பார்த்து வெளி உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் குட்டைகளில் மண்ணிலிருந்தே சோடா ஊறி வருகிறது. தண்ணீர் அவ்வளவு காரமாக இருப்பதால் மற்ற பாசிகள் அங்கே தலை எடுக்க முடிவதில்லை.

நம் ஊர்த் தொட்டியில் நாம் செய்வதும் அதுதான். சாடு நாட்டுக் குட்டைத் தண்ணீரைச் சமையல் சோடா போட்டு உண்டாக்குகிறோம். காரம்தான் நம் வேலி. வேலி சரிந்தால் வெள்ளாடு புகுந்துவிடும்.

வேலி மூன்று

முதல் வேலி, காரம். இதைப் பி.எச். தாளால் பார்க்கிறோம். தாளில் 7 என்றால் நடுநிலை. சுருள்பாசித் தொட்டியில் 9.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். 9.5க்குக் கீழே இறங்கினால் மற்ற பாசிகளுக்குக் கதவு திறந்தது என்று அர்த்தம். 11ஐத் தாண்டினால் சுருள்பாசியே பட்டினி கிடக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். “பி.எச். குறைஞ்சு போச்சு, இன்னும் ரெண்டு கிலோ சோடா போடு” என்று சொல்வதைக் கேட்டிருப்போம். சமையல் சோடா மட்டும் பி.எச்.சை 10க்கு ஏற்றாது. புதிதாகக் கரைத்த சோடாத் தண்ணீரின் பி.எச். 8க்குச் சற்று மேலேதான் நிற்கும். சோடாவில் உள்ள கரிச்சத்தைச் சுருள்பாசி எடுத்துக்கொண்டு, காரத்தைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. பாசி தின்னத் தின்னத்தான் பி.எச். ஏறும். அதாவது, நன்றாக வளரும் பாசி தன் வேலியைத் தானே கட்டிக்கொள்கிறது. 11ஐ நெருங்கும்போது சோடா போட்டால் பாசிக்குத் தீனியும் கிடைக்கும், பி.எச்.சும் இறங்கும்.

இரண்டாவது வேலி, அடர்த்தி. அடர்ந்த பாசி தனக்குக் கீழே வெளிச்சத்தை விடாது. வெளிச்சம் இல்லாவிட்டால் வந்து விழுந்த வேற்றுப் பாசி முளைக்காது. நெல் வயலில் பயிர் மூடிவிட்டால் களை குறைகிறதல்லவா, அது மாதிரிதான்.

அடர்த்தியை அளக்க ஒரு குச்சியின் நுனியில் வெள்ளை மூடி ஒன்றைக் கட்டிக்கொள்வோம். குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டு வைப்போம். தொட்டியைக் கலக்கிவிட்டுக் குச்சியை இறக்கினால் மூடி எத்தனை சென்டிமீட்டரில் மறைகிறது என்று பார்ப்போம். 2, 3 சென்டிமீட்டரில் மறைந்தால் பாசி திக்காக இருக்கிறது, அறுவடை செய்யலாம். 5 சென்டிமீட்டர் போயும் மூடி தெரிந்தால் அன்றைக்கு அறுவடை வேண்டாம். ஆசைப்பட்டு அன்றாடம் அள்ளிவிட்டால் தொட்டி வெளுத்து, வேற்றுப் பாசிக்கு இடம் கொடுத்துவிடும்.

மூன்றாவது வேலி, சுத்தம். தொட்டிக்கு வலை, மேலே மழை படாத கூரை, தொட்டிக்கென்றே தனித் துடைப்பம், தனி வாளி, தனித் துணி. இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் அடுப்பங்கரையை எப்படி வைத்திருக்கிறோமோ அப்படி வைத்திருந்தால் போதும்.

யார் யார் வருகிறார்கள்? அடையாளம் என்ன?

1. பச்சைப் பாசி. இதைக் குளோரெல்லா என்பார்கள். சுருள்பாசித் தொட்டிக்கு முதலில் வரும் விருந்தாளி இதுதான். தண்ணீர் நீலம் கலந்த கரும்பச்சையாக இல்லாமல் இளம்புல் நிறமாகத் தெரியும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரை அறுவடைத் துணியில் வடிகட்டுவோம். வடிந்த தண்ணீர் தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் பயமில்லை. பச்சையாக வடிந்தால் குளோரெல்லா புகுந்துவிட்டது. அது புள்ளி போல் மிகச் சிறியது, துணியின் கண்ணில் நிற்காமல் ஓடிவிடும். சுருள்பாசி நீண்ட சுருள், அதனால் துணியில் தங்கிவிடும்.

2. பழுப்புப் படிவு. தொட்டியின் அடியிலும் ஓரத்திலும் வழவழவென்று காப்பி நிறத்தில் படியும் பாசி. ஓரங்களைத் தேய்க்காமல் விட்ட தொட்டியில் அதிகம் வரும்.

3. ஈயும் அதன் புழுவும். வலை கிழிந்திருந்தால் ஈ வந்து முட்டையிடும். புழு கண்ணுக்கே தெரியும்.

4. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். பாசியை மேய்ந்து தின்னும் நுண்ணுயிர்கள் இவை. நன்றாக இருந்த தொட்டி இரண்டு மூன்று நாளில் காரணமே இல்லாமல் வெளிறினால் இவற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

5. அழுகல் கிருமிகள். இவை தாமாக வருவதைவிட, பாசி செத்த பிறகு விருந்துக்கு வருவதுதான் அதிகம். நல்ல தொட்டியில் லேசான கடல்பாசி வாடைதான் அடிக்கும். அழுகிய முட்டை வாடை, செத்த வாடை அடித்தால் பாசி செத்து அழுகுகிறது. நுரை தணியாமல் நின்றாலும், வடிந்த தண்ணீர் நீல நிறமாக இருந்தாலும் பாசி உடைந்து அதன் நீலச்சாயம் வெளியே வருகிறது என்று அறியலாம்.

6. விஷப் பாசிகள். நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். குளம் குட்டைகளில் பச்சைச் சாயம் ஊற்றியது போல் மிதக்கும் பாசிகளில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒன்று உண்டு. அதன் விஷம் ஈரலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. அத்தகைய குட்டைத் தண்ணீரைக் குடித்து ஆடு மாடுகள் செத்திருக்கின்றன. நல்ல காரமும் உப்பும் உள்ள தொட்டியில் இது வளர்வது கடினம். ஆனால் மழைத் தண்ணீர் புகுந்து காரம் இறங்கிய தொட்டியில், குட்டைத் தண்ணீர் ஊற்றிய தொட்டியில், பல மாதம் யாரும் கவனிக்காத தொட்டியில் ஆபத்து உண்டு. வெறும் கண்ணால் இதைப் பிரித்தறிய முடியாது.

மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது?

தூரமாகப் போக வேண்டாம். நம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் வகுப்புக்கு வைத்திருக்கும் மைக்ராஸ்கோப்பே போதும். நூறு மடங்கு பெரிதாக்கினால் சுருள்பாசி ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாகத் தெரியும். தலைமை ஆசிரியரிடம் குழுவின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, மாதம் ஒரு முறை பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடம்தான்.

சுருள் மட்டும் தெரிந்தால் மகிழ்ச்சி. இடையிடையே பச்சை உருண்டைகள் தெரிந்தால் குளோரெல்லாவாக இருக்கலாம். உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தாலோ, சுருள் இல்லாத நேர் நூல்கள் தெரிந்தாலோ அது என்னவென்று தெரியும் வரை அந்தத் தொட்டியில் அறுவடை கூடாது. சுருள்பாசியே சில நேரம் நிமிர்ந்து நேர் நூலாக மாறும். ஆனால் அது சுருள்பாசிதானா, வேறு இனமா என்று நாமே முடிவு செய்யக் கூடாது. மாதிரியை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலோ காட்டுவோம்.

கெட்டுப்போனது போலத் தெரிந்தும் கெடாதவை

சில நேரம் வீணாகப் பயந்து நல்ல தொட்டியைக் கொட்டிவிடுகிறோம். அடியில் வெள்ளையாக மாவு போல் படிந்தால் அது பாசி இல்லை. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, காரம் பட்டதும் படிகிறது. காலையில் பாசி மேலே ஆடை போல் மிதந்தால் அதுவும் இயல்பே. சுருள்பாசி மிதக்கும் குணமுடையது, கலக்கிவிட்டால் சரியாகிவிடும். நாள்பட்ட தொட்டியில் வடிந்த தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருப்பதும் சாதாரணம்தான்.

மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடித்தால் வேற்றுப் பாசி வரவில்லை, யூரியா கூடிவிட்டது. காரத் தண்ணீரில் யூரியாவிலிருந்து வரும் அமோனியா பாசியையே கொல்லும். யூரியாவை நிறுத்தி, நன்றாகக் கலக்கி, நெடி போகும்வரை காத்திருக்க வேண்டும். யூரியா போடுகிறவர்கள் அளந்து, சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும்.

குளோரெல்லா வந்தால் என்ன செய்வது?

முதலில் பதற வேண்டாம். பி.எச். பார்ப்போம். அறுவடையை நிறுத்துவோம். தொட்டிக்கு மேலே பச்சை வலை கட்டி, வெயிலைப் பாதியாகக் குறைப்போம். நான்கைந்து நாளில் சுருள்பாசி அடர்ந்து, காரமும் ஏறினால் பச்சைப் பாசி தானாகவே ஒடுங்கிவிடும்.

அப்படியும் தணியவில்லை என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு வழி இது:

அ) ஒரு சுத்தமான வாளியில் புது ஊட்டக் கரைசல் தயார் செய்ய வேண்டும். லிட்டருக்கு 8 கிராம் சமையல் சோடா, 5 கிராம் உப்பு, மற்ற உரங்களும் வழக்கமான அளவில்.

ஆ) காலை வேளையில், கலக்காமல், மேலே மிதக்கும் சுருள்பாசியை மட்டும் மெதுவாக மொண்டு துணியில் ஊற்ற வேண்டும்.

இ) துணியில் தங்கிய பாசியைப் புதுக் கரைசல் கொண்டே இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பச்சைத் தண்ணீர் ஓடிப் போகும். வெறும் தண்ணீரில் அலசினால் விதைப்பாசி வாடிவிடும்.

ஈ) அலசிய பாசியைப் புதுக் கரைசலில் திக்காகப் போட்டு, நிழலில் வைத்து, நாளுக்கு நாலு தடவை கலக்க வேண்டும்.

உ) பழைய தண்ணீரைக் கொட்டி, தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று தடவை அலசி, வெயிலில் நன்றாகக் காய விட வேண்டும். பிளீச்சிங் வாடை மிச்சம் இருந்தால் புதுப் பாசி செத்துவிடும். கொட்டும் தண்ணீரில் உப்பும் சோடாவும் உண்டு. செடிக்கும் ஆகாது, கிணற்றுக்கும் ஆகாது. தள்ளித்தான் கொட்ட வேண்டும்.

ஊ) பாசி தேறியதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்காக மட்டும் பெருக்க வேண்டும். 10 லிட்டரை 20 ஆக்கலாம், 20ஐ 40 ஆக்கலாம். 10 லிட்டரை எடுத்து ஒரேயடியாக 200 லிட்டரில் ஊற்றினால் அடர்த்தி வேலியும் போச்சு, கார வேலியும் போச்சு. மறுபடி குளோரெல்லாதான் வளரும்.

ஈப் புழு வந்தால் கண் பெரிதான வலைத் துணியில் அரித்து எடுத்து, வலையைத் தைத்துவிட வேண்டும். எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. தொட்டிக்குப் பூச்சி மருந்து அடித்தால் அது சாப்பிடும் பொருளிலேயே போய்ச் சேரும். அறுவடையின்போது எப்போதும் இரண்டு துணி வைப்போம். மேலே கண் பெரிய துணி குப்பையையும் பூச்சியையும் பிடிக்கும். கீழே நெருக்கமான துணி பாசியைப் பிடிக்கும்.

பருவத்துக்கு ஏற்ற கவனம்

சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டினால் பாசி துவளும். உச்சி வேளையில் நிழல் கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகும் கூரைதான் எதிரி. மழைத் தண்ணீர் புகுந்தால் அன்றே பி.எச். பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது திடீரென்று சுள்ளென்ற வெயில் பட்டால் பாசி வெளிறும். வளர்ச்சி குறையும் காலத்தில் அறுவடையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்கு வெளியே கெடுவதுதான் அதிகம்

இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பி.எச். 10 உள்ள தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் எளிதில் தங்க முடியாது. ஆனால் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து எடுத்த ஈரப் பாசிக்கு அந்தக் காரம் இல்லை. புரதம் நிறைந்த ஈர மாவு அது. நம் ஊர்ச் சூட்டில் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால்:

- அறுவடையை விடிகாலையில் வைத்துக்கொள்வோம். அன்றைய வெயிலிலேயே காய்ந்துவிட வேண்டும்.
- அலசும் தண்ணீர், நாம் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும்.
- சோப்புப் போட்டுக் கை கழுவி, நகம் வெட்டி, வளையல் மோதிரம் கழற்றி, தலையில் துணி கட்டி வேலை செய்வோம். வயிற்றுப்போக்கோ கையில் புண்ணோ இருப்பவர் அன்று கணக்கு எழுதட்டும், பாசியைத் தொட வேண்டாம்.
- இடியாப்பக் குழலில் மெல்லிய நூலாகப் பிழிந்து, வலை மூடிய தட்டில் காய வைப்போம். கட்டியாக வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே புளித்துவிடும்.
- ஒடித்தால் சேமியா போல் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.
- காய்ந்ததும் ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, தேதியும் தொட்டி எண்ணும் எழுதி ஒட்டுவோம்.
- கோழியும் ஆடும் உலர்த்தும் இடத்துப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வோம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கெடுதல் உண்டு. அது உலோகம். வயலுக்குப் போடும் உரங்களில் ஈயம், காட்மியம் போன்றவை கலந்திருக்கலாம். தண்ணீரில் இருப்பதைச் சுருள்பாசி தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே மனிதர் சாப்பிடும் பாசிக்கு உணவுத் தரமுள்ள உப்புகளையே வாங்குவோம். போர் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தடவை சோதித்துக்கொள்வோம். சாணக் கரைசல், சாண எரிவாயுக் கழிவு ஆகியவற்றை மனிதர் சாப்பிடும் பாசித் தொட்டியில் ஊற்றவே கூடாது.

கொட்டுவதா, விற்பதா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பச்சைப் பாசி லேசாகத் தலைகாட்டியதும், பழுப்புப் படிவும் சரிசெய்யக் கூடியவை. ஆனால் அழுகல் வாடை அடிக்கும் தொட்டி, மைக்ராஸ்கோப்பில் இனம் தெரியாத பாசி கண்ட தொட்டி, வெள்ளத் தண்ணீர் புகுந்த தொட்டி ஆகியவற்றின் பாசியை விற்கக் கூடாது. நம் வீட்டிலும் சாப்பிடக் கூடாது. “மாட்டுக்காவது வைப்போமே” என்று நினைக்கக் கூடாது. விஷப் பாசி மாட்டையும் விடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடி நீளம், 5 அடி அகலத் தொட்டியில் முக்கால் அடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1000 லிட்டர். அதைக் கொட்டினால் சுமார் 8 கிலோ சோடாவும் 5 கிலோ உப்பும் கொஞ்சம் உரமும் போகும். விதைப்பாசி பத்து லிட்டர் பத்திரமாக இருந்தால் ஏழு தடவை இரட்டிப்பாக்கி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழைய தொட்டியைப் பிடித்துவிடலாம். நஷ்டம் ஒரு மாத வருமானம். வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்து, “அந்தக் குழுப் பாசியைச் சாப்பிட்டுத்தான்” என்று ஊரில் பேச்சு கிளம்பினால் போகும் பேர் ஒரு மாதத்தில் திரும்பி வராது. நம் தொட்டி மட்டுமில்லை, பக்கத்து ஊர் அக்காவின் தொட்டியும் சேர்ந்து அடிபடும்.

அதனால் இந்தச் சுமையை ஒருத்தி தலையில் வைக்கக் கூடாது. குழுவாகச் செய்யக் கூடியவை மூன்று:

ஒன்று, விதைப்பாசியை ஒரே வீட்டில் வைக்காமல் இரண்டு மூன்று வீட்டில் தனித்தனி வாளியில் வைப்போம். ஒரு வீட்டுத் துடைப்பமும் துணியும் மறு வீட்டு வாளிக்குப் போகக் கூடாது.

இரண்டு, விற்பனைப் பணத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தொட்டி நிதி என்று ஒதுக்குவோம். தொட்டி கெட்டால் அந்த மாதத் தவணைக்கும் புது உப்புக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். தவணை பயம் இல்லாவிட்டால் கெட்ட பாசியை விற்கும் எண்ணமும் வராது.

மூன்று, கொட்டலாமா வேண்டாமா என்பதைத் தொட்டிக்காரி மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஊக்குநரும் இன்னும் இரண்டு உறுப்பினரும் நேரில் பார்த்து முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதிவிடுவோம்.

உணவுப் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006இன்படி பதிவோ உரிமமோ வாங்கியிருக்க வேண்டும். இன்னும் வாங்காத குழுக்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்கவும். ஆண்டுக்கு ஒரு முறையாவது காய்ந்த பாசியை ஆய்வகத்தில் கிருமிக்கும் உலோகத்துக்கும் சோதிப்பது நல்லது. நான்கைந்து குழுக்கள் சேர்ந்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சுவரில் ஒட்டி வைக்க

தினமும்: நிறம் பார், வாடை பார், வலை பார். நாலு தடவை கலக்கு. தண்ணீர்ச் சூடு குறி.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்: பி.எச். பார். மூடிக் குச்சி இறக்கு. ஒரு தம்ளர் வடிகட்டி, வடிந்த நிறம் பார்.

வாரம் ஒரு முறை: ஓரம் தேய். துணி, வாளி, துடைப்பம் கழுவி வெயிலில் காய வை.

மாதம் ஒரு முறை: மைக்ராஸ்கோப்பில் பார். விதைப்பாசியைப் புதுக் கரைசலுக்கு மாற்று. நோட்டைக் கூட்டத்தில் வாசி.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, அவரவர் தொட்டியைப் பற்றிப் பேசுங்கள். வாசிக்கத் தெரியாத அக்காமார்கள்தான் பல ஊரில் தொட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். நிறமும் வாடையும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்வதையும் நோட்டில் எழுதி வையுங்கள். நம் தொட்டி நம் கண் முன்னால் இருக்கட்டும், நம் பாசி நம்பிச் சாப்பிடும்படி இருக்கட்டும்.